எலிக்கும் துயர் உண்டோ?

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று நம் செயலாளர் என்னை மடக்கிப் பிடித்த இடம் டெக்கன் ஜிம்கானாவை அடுத்த ஒரு தேநீர்க்கடை. 'அமிருததுல்யம்' என்று பலகை மாட்டிய அக்கடைகளின் தேநீர் அப்பெயருக்கு ஏற்றதுதானா என்பதைப் புனேக்கு வந்து சேரும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தாமே அருந்தி முடிவு செய்துகொள்ள வேண்டும். காப்பியில் வளர்ந்த நாக்கு அதற்கு எளிதில் ஒப்புவதில்லை.

"நீங்கள் எலிகளைத் தண்ணீரில் விட்டு என்னவோ ஆராய்ச்சி செய்கிறீர்களாமே, அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் செயலாளர். "மனச்சோர்வுக்கு மருந்து தேடுகிறோம்" என்று நான் விளக்கம் சொன்னேன். உடனிருந்த தங்கை ஒருவர், பொருளாதாரம் பயில்பவர், "எலிக்கு மனச்சோர்வு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா? அது வாய் திறந்து சொல்லுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்து வைத்தேன். ஆயினும் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. மருந்தியல் பயிலும் எனக்கு அதைவிடக் கடினமான தேர்வு வினாவை எந்தப் பேராசிரியரும் இதுவரை கேட்டதில்லை. என்னால் இயன்ற விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தேர்வில் தோற்றவன் வருந்துவதும், ஊர்க் கடிதம் வராதவன் முகம் வாடுவதும் நோயாகா. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாள் முழுவதும் மனம் இருண்டு கிடப்பது, விரும்பிய செயல்களிலெல்லாம் சுவை அற்றுப் போவது, உறக்கமும் பசியும் கெடுவது, சிந்தனை தளர்வது, தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் நெஞ்சை அரிப்பது, உயிரையே போக்கிக்கொள்ளலாமா என்று தோன்றுவது ஆகிய குறிகள் சில ஒருங்கே கூடினால் மருத்துவர் அதை நோய் என்கின்றனர். அதனை மன உறுதி இன்மை என்று எண்ணிப் புத்திமதி சொல்லிக்கொண்டிருப்பது, மலேரியாக் காய்ச்சலில் நடுங்குபவனிடம் தைரியமாக இரு என்று சொல்வதைப் போன்றதே. விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாட்கணக்காகக் கிடக்கும் நண்பர் யாரேனும் இருப்பின், அவரை மருத்துவரிடம் கையோடு அழைத்துச் செல்லுங்கள். இது கட்டுரைக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேலே சொன்ன குறிகளை மறுபடியும் பாருங்கள். அவற்றுள் பாதி, நோயாளி தன் வாயால் சொன்னால் அன்றி வெளியே தெரியாதவை. குற்ற உணர்ச்சியை எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? உறக்கத்தையும் உணவையும் எலியிடத்தில் அளக்கலாம். 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணத்தை அளக்க இயலுமா? இயலாது. அப்படியானால் உலகெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் ஆயிரக்கணக்கான கூட்டுப்பொருள்களை எலிகளுக்குக் கொடுத்து, 'இது மனச்சோர்வை நீக்கும், இது நீக்காது' என்று பிரித்தார்களே, எதைக் கொண்டு பிரித்தார்கள்?

இக்கதையின் தொடக்கம் நம் நாட்டிலேயே இருக்கிறது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் பைத்தியத்திற்கும் பாம்புக் கடிக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாக நாட்டு வைத்தியர்களிடம் வழங்கி வந்தது. 1931ஆம் ஆண்டு கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் சித்தக் கோளாற்றையும் மிகை இரத்த அழுத்தத்தையும் தணிப்பதைக் கட்டுரையாக வெளியிட்டனர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து காரப்போலிகளைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகள் ஐம்பதின்மரிடம் தாம் கண்ட பயனைப் பிரிட்டனின் இதய மருத்துவ ஏடு ஒன்றில் எழுதவே, மேல்நாட்டார் விழித்துக்கொண்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தார் அவ்வேரின் முதன்மைச் சத்தைப் பிரித்து, 'ரெசர்ப்பின்' என்று பெயரிட்டனர்.

ரெசர்ப்பின் இரத்த அழுத்தத்தைத் தணித்தது. பித்தம் தலைக்கேறியவரை அமைதிப்படுத்தியது. ஆனால் நெடுநாள் அதனை உட்கொண்டவர்களுள் சிலர் காரணமின்றிச் சோர்ந்து, வாழ்க்கையே வெறுத்துப் போயினர் என்று 1954 முதல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதலாயினர். அடுத்த ஆண்டிலேயே பெர்னார்ட் பிராடி என்பாரின் ஆராய்ச்சிக் கூடத்தில், ரெசர்ப்பின் பெற்ற விலங்கின் மூளையில் செரடோனின் என்னும் பொருள் வற்றிப் போவது தெரிய வந்தது. நார் அட்ரினலின், டோபமின் ஆகியவையும் அவ்வாறே வற்றுகின்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று. இவையெல்லாம் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்பும் தூதுப் பொருள்கள். நரம்பின் நுனியில் சிறு சிறு பைகளில் இவை சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். ரெசர்ப்பின், பைகளுக்குள் சரக்கு ஏறாதபடி தடுத்துவிடுகிறது. வெளியே தங்கிய சரக்கை நொதிகள் சிதைத்துவிடுகின்றன. களஞ்சியம் காலி.

ரெசர்ப்பின் ஊசி பெற்ற சுண்டெலியை ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார். முதுகைக் கூனிக்கொண்டு கூண்டின் மூலையில் ஒடுங்கும். இமைகள் பாதி மூடித் தொங்கும். உடல் சில்லிட்டுப் போகும். தொட்டாலும் நகராது. பார்ப்பவர் யாராயினும், 'ஐயோ, சோர்ந்து போயிற்றே' என்பர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் வம்பு இருக்கிறது.

இதே காலத்தில் மனச்சோர்வுக்கு இரண்டு மருந்துகள் அகப்பட்டன. இரண்டும் எலியால் அகப்பட்டவை அல்ல என்பதே கவனிக்கத்தக்கது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு காசநோய் மருத்துவமனையில் 1952 வாக்கில் இப்ரோனியாசிட் என்னும் மருந்து கொடுத்துப் பார்த்தனர். நோயாளிகள் நுரையீரல் தேறுமுன்பே உள்ளம் தேறிக் களிப்புற்றனர். 1957இல் நேதன் கிளைன் முதலியோர் அதனை மனச்சோர்வு நோயாளிகளுக்கே கொடுத்துப் பயன் கண்டனர். மற்றொன்று கெய்கி நிறுவனத்தார் செய்த இமிப்ரமின். அதனை முதலில் வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்நோய்க்கு அது உதவவில்லை. சுவிட்சர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்னும் ஊரின் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ரோலண்ட் கூன், அதனைச் சோர்வுற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்களோடு பேசி, அவர்கள் சொன்னதைக் கேட்டு, இது வேறு வகை மருந்து என்று 1957இல் எழுதினார். நோயாளியின் வாய்ச்சொல்லைக் கேட்கப் பொறுமை பெற்ற மருத்துவர் ஒருவர் கண்டதே இமிப்ரமின்.

மருந்து கிடைத்தபின் சோதனை பிறந்தது. ரெசர்ப்பினால் ஒடுங்கும் எலிக்கு முன்கூட்டியே இமிப்ரமின் கொடுத்தால் இமை தொங்குவதில்லை, உடல் சில்லிடுவதில்லை. சரி, இனி எந்தக் கூட்டுப்பொருள் ரெசர்ப்பினை இவ்வாறு எதிர்க்கிறதோ, அது மனச்சோர்வு மருந்தாகலாம் என்று கொண்டனர். 1961இல் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அவருடைய கூட்டாளிகளும் இமிப்ரமின் செய்யும் வேலையையும் காட்டினர். செய்தி சொல்லி முடித்த நார் அட்ரினலினை நரம்பு நுனி மீண்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. இமிப்ரமின் அந்த வாயிலை அடைத்துவிடுவதால் தூதன் இன்னும் சற்று நேரம் வெளியே நின்று பேசுகிறான். எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியது.

பொருந்தாத ஒன்றும் இருந்தது. 1955இல் இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர், அச்சமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு முறையாகச் சீட்டுப் பிரித்து ஒரு சாராருக்கு ரெசர்ப்பினையும் மற்றவருக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தனர். ரெசர்ப்பின் பெற்றவர்களுக்கு நன்மையே விளைந்தது! அக்கட்டுரையைப் பல்லாண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. கதை அழகாயிருந்தால் இடையூறான உண்மைக்கு இருக்கை கிடைப்பதில்லை, கல்யாணப் பந்தியில் அழையாத விருந்தாளியைப் போல.

நம்மவர் பங்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்த தி. ரா. கோவிந்தாச்சாரி, 1963இல் பம்பாயின் கோரேகாவில் சீபா நிறுவனம் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திற்குத் தலைவராகச் சென்றார். அங்கே அவரோடு பணியாற்றிய குப்புசாமி நாகராஜன் குழுவினர் செய்த மூவளையக் கூட்டுப்பொருள் ஒன்று, நைட்ராக்சசெப்பின். இது இமிப்ரமினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க அமைப்பு. நடு வளையத்தில் உயிரியம் புகுந்து, பக்கத்தில் நைட்ரோ தொகுதி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று கரிமக் கண்ணிகள் கொண்ட வாலும் அதன் நுனியில் அமீனும் அண்ணனுக்கு இருப்பவை போன்றே இருக்கும். 1982இல் இது 'சின்டமில்' என்ற பெயரில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. (பெயரில் தமிழ் ஒளிந்திருக்கிறது என்று நம் விடுதி நண்பர் ஒருவர் மகிழ்ந்து, குறிப்பேட்டில் 'செந்தமிழ்' என்றே எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.) இந்திய மண்ணிலேயே செய்து, சோதித்து, நோயாளியின் கையில் சேர்த்த மனச்சோர்வு மருந்து அது. ரெசர்ப்பின் பிரித்த சீபாவும் இமிப்ரமின் செய்த கெய்கியும் 1970இல் ஒன்றாயின. 1996இல் அந்நிறுவனமும் சாண்டோசோடு இணைந்து நோவார்ட்டிஸ் ஆயிற்று. பெயர்கள் போய்விட்டன, அந்த மூவளையங்கள் பாடப் புத்தகத்தில் நிற்கின்றன.

சின்டமிலும் இமிப்ரமின் செய்யும் வேலையையே, அதாவது உறிஞ்சு வாயிலை அடைக்கும் வேலையையே, செய்கிறது. இது வியப்பன்று. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி தற்செயலாய்க் கிடைத்தது. அச்சாவியைப் பார்த்துச் சோதனையை வடித்தோம். அச்சோதனையில் தேறுகிற சாவி முதற்சாவியின் சாயலில்தான் இருக்கும். மியான்செரின், இப்ரிண்டோல் ஆகிய மருந்துகள் ரெசர்ப்பின் சோதனையில் தேறவில்லை. எலியை மட்டுமே நம்பியிருந்தால் அவை குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

இக்குறையை நீக்க வந்ததுதான் நான் நாள்தோறும் செய்யும் நீச்சல் சோதனை. 1977இல் பிரான்சில் ரோஜர் போர்சோல்ட்டும் அவர் கூட்டாளிகளும் இதனை வெளியிட்டனர். செய்முறை மிக எளிது. எளிதாயிருப்பதே அதன் புகழுக்குக் காரணம், ஆபத்துக்கும் காரணம். கண்ணாடி உருளை ஒன்றில், சுண்டெலியின் கால் தரையில் படாத ஆழத்திற்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். வெப்பநிலை 25 டிகிரி. எலியை மெல்ல இறக்கினால் முதல் இரண்டு நிமிடம் சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரைப் பிறாண்டும், மூழ்கிப் பார்க்கும். பிறகு வழியில்லை என்று கண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி, அசையாமல் மிதக்கும். மொத்தம் ஆறு நிமிடம். முதல் இரண்டை விட்டுவிட்டுக் கடைசி நான்கில், அதாவது 240 நொடிகளில், எத்தனை நொடி அசையாதிருந்தது என்று நிறுத்து கடிகாரத்தால் கணக்கிட வேண்டும். வெள்ளெலியாயின் முறை வேறு: முதல் நாள் 15 நிமிடம் நீந்தவிட்டு, 24 மணி கழித்து 5 நிமிடம் அளப்பர். இமிப்ரமின் பெற்ற விலங்கு அசையாதிருக்கும் நேரம் குறைகிறது. மியான்செரினுக்கும் இப்ரிண்டோலுக்கும்கூடக் குறைந்தது என்று போர்சோல்ட் காட்டியபோது துறையில் பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று.

மருந்தளவுக் கணக்கில் புதிய மாணவர் தடுமாறுவதால் ஒரு சொல். அளவுகள் எல்லாம் உடல் எடைக்கு ஏற்பவே. இமிப்ரமினைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கொள்வோம். சுண்டெலியின் எடை 24 கிராம் என்றால் அதற்கு உரியது 0.36 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வீதம் கரைசல் செய்துகொண்டால் 0.24 மில்லிலிட்டர் வயிற்றறையில் ஊசி போட வேண்டும். எடையைக் கிராமில் சொல்லி நூறால் வகுத்தால் மில்லிலிட்டர் வந்துவிடும்படி கரைசலை அமைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள சூட்சுமம். பொருளில்லாத உப்புநீரையும் அதே அளவில் மற்றொரு குழுவுக்குப் போடுவோம். ஊசி குத்தும் வலி இருவர்க்கும் பொதுவாக வேண்டுமல்லவா?

போர்சோல்ட் அந்த அசைவின்மைக்கு 'நடத்தையில் வெளிப்படும் நம்பிக்கையிழப்பு' என்னும் பொருள்படப் பெயர் வைத்தார். முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, 'ஐயோ, சோர்ந்து போயிற்றே', அதே கதைதான். கண்ணால் கண்டது அசைவின்மை. நம்பிக்கையிழப்பு நாம் ஏற்றிச் சொன்னது. கிணற்றில் விழுந்தவன் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, ஆள் வரும்வரை மூச்சைக் காத்துக்கொள்வோம் என்று கைகால் ஓய்ந்து மிதந்தால் அவனை நம்பிக்கையற்றவன் என்போமா? அறிவாளி என்போம். எலியும் தன் வலிமையைச் சேமிக்கிறது, நீந்திப் பயனில்லை என்று கற்றுக்கொண்டது என்று வாதிடுவோர் பலர். அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட எனக்கு வலு இல்லை. வேறொரு முரணும் உண்டு. மனிதர்க்கு இம்மருந்துகள் பயன்தர வாரக்கணக்கில் ஆகிறது. எலியிடத்தில் அரைமணி நேரத்தில் வேலை செய்கின்றன. அரைமணியில் மாறுவதும் ஆறு வாரத்தில் மாறுவதும் ஒன்றாகுமா?

அஃதன்றி, எலியை வெறுமனே துள்ளச் செய்யும் பொருள் எதுவும் இச்சோதனையில் தேறிவிடும். காப்பியில் உள்ள காபீனும் தேறும், ஆம்பிட்டமினும் தேறும். ஆகையால்தான் அதே அளவு மருந்து கொடுத்த எலியை ஒளிக்கற்றைகள் குறுக்கிடும் பெட்டியில் விட்டு, எத்தனை முறை கற்றையைக் கடக்கிறது என்று தனியே எண்ணுகிறோம். அங்கும் ஓட்டம் கூடியிருந்தால் நீச்சலில் கண்ட பயனை நம்புவதற்கில்லை. மறுபுறம், இன்று மருத்துவர் மிகுதியாக எழுதித் தரும் புளுவோக்செட்டின் வகை மருந்துகள் பழைய கணக்கில் வெள்ளெலிகளிடம் சரியாகத் தேறவில்லை. 1995இல் லக்கி குழுவினர், அசைவை நீந்துவது, சுவரேறுவது என்று இரண்டாகப் பிரித்து எண்ணிய பின்னரே, செரடோனினைச் சார்ந்த மருந்துகள் நீந்துவதைக் கூட்டுகின்றன, நார் அட்ரினலினைச் சார்ந்தவை ஏறுவதைக் கூட்டுகின்றன என்று தெரிந்தது. எலி மாறவில்லை. பார்த்தவர் கண் மாறியது.

இனி என் தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இரசாயனப் பிரிவில் ஆராய்ச்சி செய்யும் நெல்லைக்காரர் ஒருவர், நான் அண்ணாச்சி என்று அழைப்பவர், இரண்டாண்டு உழைத்துச் செய்த கூட்டுப்பொருள்கள் பன்னிரண்டைச் சிறு குப்பிகளில் எண்ணிட்டு என்னிடம் தந்தார். சென்ற மார்கழியில் ஏழாம் எண்ணைச் சோதித்தேன். புனேயின் மார்கழிக் காலை உங்களுக்குத் தெரியும்; வேதாள் குன்றின் மேல் பனி இறங்கி, குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். அன்று ஏழாம் எண் குழுவைக் காலையிலும், உப்புநீர்க் குழுவைப் பிற்பகலிலும் நீந்தவிட்டேன். வெப்பமானியை முதல் உருளையில் ஒரு முறை பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. விளைவு, கண்ணைப் பறித்தது. ஏழாம் எண் பெற்றவை ஓயாமல் நீந்தின. உப்புநீர் பெற்றவை நேரத்தில் பாதிக்கு மேல் சும்மா மிதந்தன. எந்தக் கூண்டில் எம்மருந்து என்பது எனக்குத் தெரியும். ஒரு எலி ஒரு காலை மட்டும் லேசாக அசைத்தால் அதனை அசைவு என்பதா, அசைவின்மை என்பதா என்று முடிவு செய்வதும் நானே. நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் விரலும் என்னுடையதே.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். "தம்பி, இது தேறிட்டுதுன்னா என் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் கிடைச்சாச்சு" என்றார். அன்றிரவு ராஸ்தா பேட்டையில் நம்மவர் கடையில் எனக்கு நெய்த் தோசை வாங்கித் தந்தார். அந்தத் தோசையை இப்போது நினைத்தாலும் தொண்டையில் நிற்கிறது.

வழிகாட்டும் பேராசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டினார். பாராட்டவில்லை. "பிற்பகல் தண்ணீரின் வெப்பம் எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தால் அல்லவா காட்டுவதற்கு? மறுவாரம், தண்ணீரைச் சூடேற்றி ஒவ்வொரு முறையும் 25 டிகிரி பார்த்து, மூன்று குழுவையும் கலந்து கலந்து, ஒரே பொழுதில் நீந்தவிட்டோம். இளைய மாணவர் ஒருவர் கூண்டுகளுக்குத் தாமே குறி இட்டுக்கொண்டு எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார். படமும் பிடித்துக்கொண்டோம். குறியைப் பிரித்துப் பார்த்தபோது இமிப்ரமின் பெற்றவை முன்போலவே மிகுதியாக நீந்தியிருந்தன. ஏழாம் எண்ணுக்கும் உப்புநீருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அண்ணாச்சி வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "முதல் தடவை செஞ்சதையும் சேர்த்துச் சராசரி போட்டா?" என்று மெல்லக் கேட்டார். அக்கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். அது என் மனத்திலும் எழுந்ததுதான். முதல் நாளுக்கு உரிய எலிகளும் உயிர்களே. அவற்றை வீணாக்கிவிட்டோமே என்ற எண்ணம்கூட அந்த ஆசைக்குத் துணை வந்தது. ஆனால் அந்தச் சராசரி அச்சேறியிருந்தால் எங்கோ ஒருவர் அதனை நம்பி இன்னும் நூறு எலிகளைத் தண்ணீரில் இறக்கியிருப்பார். முதல் நாள் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடிட்டு, காரணமும் எழுதி, கையெழுத்திட்டேன்.

எலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேட்காமலிருக்கமாட்டீர்கள். நினைத்தபோது எலியைப் பிடித்து நினைத்ததைச் செய்ய இந்நாட்டில் இடமில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது; அதன்கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு 1964இல் அமைந்தது; 1998இல் விரிவான விதிகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அறநெறிக் குழு உண்டு. அதில் வெளியார் உண்டு. விஞ்ஞானி அல்லாதவரும் உண்டு. எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா என்று அவர்கள் முன் விடை சொல்லி அனுமதி பெற்ற பின்னரே கூண்டைத் தொடலாம். 1959இலேயே ரசல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர் மாற்றுவழி தேடுதல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். தலை மூழ்கும் எலியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் துணியால் துவட்டி, கதகதப்பூட்டிக் கூண்டில் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். இவ்வளவு செய்தும் நீச்சல் சோதனையே வேண்டாம் என்னும் குரல் பல நாடுகளில் இப்போது வலுத்து வருகிறது. அக்குரலில் நியாயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஆறு நிமிடம் பார்க்கும் முறை 1985இல் வந்தது. தண்ணீர் இல்லை என்பதைத் தவிர அதிலும் அதே வம்புதான்.

எனக்குப் பிடித்த முறை வேறு. பால் வில்னர் 1987இல் வெளியிட்டது. வெள்ளெலிகளுக்கு வாரக்கணக்கில் சிறு சிறு தொல்லைகள் கொடுப்பது: ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பது, ஓர் இரவு விளக்கை அணைக்காதிருப்பது, ஒரு நாள் படுக்கையை நனைத்து வைப்பது. (நம் விடுதி வாழ்க்கையை நினைவூட்டுகிறதா?) நாளடைவில் அவை சர்க்கரைத் தண்ணீரை நாடுவது குறைகிறது. இனிப்பும் வெறுந்தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இனிப்பில் முன்போல் ஆசை இல்லை. இமிப்ரமினைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால்தான் அந்த ஆசை மெல்லத் திரும்புகிறது. ஒரே ஊசியில் அன்று. விரும்பியதில் சுவை அற்றுப் போவது என்று மனித நோயின் குறியாகச் சொன்னேனே, அதற்கு இது சற்று அருகில் வருகிறது. மருந்து எடுத்துக்கொள்ளும் காலமும் பொருந்துகிறது. ஆனால் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வரும் பயன் மற்றொன்றில் வருவதில்லை என்று முறையிடுவோரும் உண்டு. ஆறு நிமிடத்தில் முடிகிற வேலையை விட்டு ஆறு வாரம் காத்திருக்க எத்தனை பேர் முன்வருவர்?

பொருளாதாரம் பயிலும் தங்கைக்கு இனி விடை சொல்லலாம். எலிக்குத் துயர் உண்டா என்பது எனக்குத் தெரியாது அம்மா. என் உருளையும் நிறுத்து கடிகாரமும் அதைச் சொல்லா. 'இக்கூட்டுப்பொருள், ஏற்கெனவே மனிதர்க்குப் பயன்பட்ட மருந்துகள் எலியின் உடலில் செய்வதைப் போன்ற ஒன்றைச் செய்கிறது' என்பது மட்டுமே அவை சொல்லக் கூடியது. அதுவும் தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால். மனச்சோர்வு நீங்கியதா என்பதைக் கூனிடம் சொன்னதைப் போல ஒரு மனிதர், கேட்கப் பொறுமையுள்ள இன்னொரு மனிதரிடம், தம் வாயால் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியின் குப்பிகளில் இன்னும் ஐந்து பாக்கி இருக்கின்றன. ஒன்பதாம் எண்ணை வரும் செவ்வாய்க்கிழமை எடுக்கிறோம். கூண்டுகளுக்குக் குறியிடுபவர் இம்முறை அண்ணாச்சியே. தாள் அவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது, சாவி பேராசிரியரிடம். வெப்பமானி இரண்டு வாங்கியாயிற்று.